ஆயிரத்தை விடப் பெரிய ஐம்பது

அந்தக் காலத்தில் கொக்குக்கும் வாய் இருந்தது, புழுவுக்கும் வாய் இருந்தது. இரண்டும் பேசியது ஒரே பாஷைதான். ஆனால் கொக்கு வாயைத் திறந்தால் ஊரே நின்று கேட்கும். புழு வாயைத் திறந்தால், "என்னமோ சத்தம் கேக்குதே" என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். நடந்த அநியாயம் முழுவதற்கும் வேர் அங்கேதான் இருந்தது.

மேட்டேரி என்று ஓர் ஏரி. அதன் கரையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஆமணக்குச் செடிகள் ஒரே வரிசையாக, சமமான இடைவெளி விட்டு நின்றன. மொத்தம் நூறு செடி. செடியின் இலை புழுக்கூட்டத்துக்குச் சோறு. கரை கொக்குக்கூட்டத்துக்கு நிற்க இடம். தண்ணீர் தளும்பிய வருஷங்களில் யாரும் யாரையும் கண்டுகொள்ளவில்லை. ஒரு கோடையில் ஏரி வற்றிப் போய், மிச்சமிருந்த தண்ணீர் கரையை ஒட்டி நீளமான குட்டையாக நின்றது. மீனெல்லாம் அதில்தான். கரைமேல் வரிசையாக நின்று பிடிக்கலாம் என்று வந்த கொக்குகளுக்கு ஆமணக்குச் செடிகள் இடைஞ்சலாக இருந்தன. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று அவை பேச ஆரம்பித்தன.

புழுக்கள் அலறிப் புடைத்துக்கொண்டு பஞ்சாயத்தைக் கூட்டின. நாட்டாமை பெரியாண்டி ஓர் உடும்பு. பிடித்ததை விடாதவர் என்று பேர் வாங்கியவர். தப்பான தீர்ப்பைப் பிடித்தாலும் அதே பிடிதான், அது ஒன்றுதான் அவரிடம் குறை.

"கரையை ரெண்டாப் பிரிச்சுக்குங்க" என்றார் அவர். "கொக்குப் பங்குல கொக்கு செடியைப் புடுங்கட்டும், நட்டு வெக்கட்டும், யாரும் கேக்க வேண்டாம். புழுப் பங்குல கொக்கு கால் வெக்கக் கூடாது. அவ்வளவுதான்."

அந்த ஊரில் அளப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. அவரவர் உடம்பால் அவரவர் அளந்துகொள்வார்கள். கொக்குக்குத் தப்படிக் கணக்கு, புழுவுக்கு உடம்புக் கணக்கு, நத்தைக்கு ஓட்டுக் கணக்கு. யாருடைய அளவை யாரும் கேள்வி கேட்பதில்லை. அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று வேறு சொல்லி வைத்திருந்தார்கள்.

கொக்குக்கூட்டத்தின் தலைவன் வெள்ளையப்பன் எழுந்தான். அவன் முந்தின நாளே கரை முழுவதையும் காலால் நடந்து பார்த்து, ஆயிரம் தப்படி என்று தெரிந்து வைத்திருந்தான். அதை வெளியே சொல்லவில்லை. கழுத்தை ஒடுக்கி, கண்ணைப் பாதி மூடி, ரொம்ப அடக்கமாகப் பேசினான்.

"எங்களுக்குத் தொள்ளாயிரம் போதுங்க நாட்டாமை. புழுக்காரங்க புள்ளகுட்டிக்காரங்க. அவங்க ஆயிரமா எடுத்துக்கட்டும். நாங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்க மாட்டோம்."

கூட்டம் உருகிவிட்டது. இப்படி ஒரு தாராள மனசா என்று தவளைகள் கத்தின. புழுக்கூட்டத்தின் சார்பில் வந்திருந்த செம்பான், ஒரு வார்த்தை யோசிக்காமல், "சம்மதமுங்க" என்று தலையை ஆட்டிவிட்டான். ஆயிரம். தொள்ளாயிரத்தை விட நூறு அதிகம். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனைக்கும் அவனுக்குக் கால்கள் நிறைய. முன்னால் மூன்று ஜோடி, நடுவில் நான்கு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. அந்தக் காலத்தில் அந்தப் புழுக்கள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் இருந்தது. எல்லாக் காலாலும் தரையைத் தொட்டு, நெளிந்து நெளிந்து ஊர்ந்து போகும்.

செம்பானின் தங்கை பச்சையாயி பஞ்சாயத்துக்குப் போகவில்லை. அவள் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். தோல் உரிக்கும்போது புழு அசையக் கூடாது, வீட்டில் தீப்பிடித்தாலும் அசையக் கூடாது. அவள் பழைய தோலை உதறிவிட்டு வெளியே வந்தபோது ஆமணக்கு இலைகளின்மேல் ஒரே கொண்டாட்டமாக இருந்தது.

"ஆயிரம் வாங்கிட்டு வந்திருக்கேன் புள்ள" என்றான் செம்பான். "கொக்குக்கு வெறும் தொள்ளாயிரம். உங்கண்ணனைப் பத்தி என்னமோ சொல்லுவியே, இப்பச் சொல்லு பாக்கலாம்."

பச்சையாயிக்கும் சந்தோஷம்தான். நம் பங்கைக் கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினாள். கோடியிலிருந்து ஊர்ந்து போனாள். ஒரு செடி, இரண்டு செடி என்று எண்ணிக்கொண்டே போனாள். பத்தாவது செடியைத் தாண்டியதும் தரையில் ஒரு கோரைத் தண்டு நட்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது.

"எல்லை இதோட முடிஞ்சுது அம்மிணி" என்றது கொக்கு. "அந்தப் பக்கம் போகக் கூடாது."

பச்சையாயி தலையைத் தூக்கிப் பார்த்தாள். எல்லைக்கு அப்பால் செடிகள் போய்க்கொண்டே இருந்தன. பத்துப் போக மிச்சம் தொண்ணூறு. ஆயிரத்துக்குப் பத்துச் செடியாம், தொள்ளாயிரத்துக்குத் தொண்ணூறு செடியாம். இது என்ன கணக்கு?

அவளுக்குத் தலையிலிருந்து வால்வரை சூடு ஏறியது. கூட்டத்தில் நானூறு பிள்ளைகள் இருந்தன. அவை தின்று கொழுத்துக் கூடு கட்ட இன்னும் இருபது நாள் வேண்டும். பத்துச் செடி அத்தனை வாய்க்கும் நாலு நாள் தாங்கும். ஐந்தாம் நாளிலிருந்து அந்தப் பிள்ளைகள் காம்பைக் கடித்துக்கொண்டு சாக வேண்டியதுதான். இதற்குத்தான் மேலே கொண்டாட்டம் நடந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து அண்ணனிடம் சொன்னாள். செம்பான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"ஆயிரம் பெருசா, தொள்ளாயிரம் பெருசா? அதை மட்டும் சொல்லு."

"எது ஆயிரம்ணா? நம்ம உடம்பால ஆயிரம். அந்தக் கொக்கோட தப்படி ஒண்ணு நம்ம உடம்பைப் போலப் பத்து மடங்கு. நம்ம ஆயிரம் அவனுக்கு நூறு தப்படி. வெறும் நூறு."

"உனக்குப் பொறாமை. நான் வாங்கிட்டு வந்ததுனால உனக்குப் பொறாமை."

சொந்த அண்ணனே இப்படிப் பேசினால் அடுத்தவனைச் சொல்லி என்ன செய்ய? பச்சையாயி அவனிடம் அதற்குமேல் வாயாடவில்லை. விடிந்தால் கொக்குகள் செடிகளைப் பிடுங்க ஆரம்பிக்கப் போகின்றன. அவள் நேராக நாட்டாமையின் புற்றுக்குப் போனாள்.

பெரியாண்டி மத்தியான வெயிலில் வயிற்றைக் காட்டிக் காய்ந்துகொண்டிருந்தார். அவள் சொன்னதை ஒரு கண்ணால்தான் கேட்டார்.

"அம்மிணி, ஆயிரம்னு சொன்னது உங்கண்ணன் ஒத்துக்கிட்டது. அவனவன் உடம்புல அவனவன் அளக்கறது ஊர் வழக்கம். உனக்கு உடம்பு சின்னது, அதுக்கு நானா பொறுப்பு?"

"உடம்பு சின்னதுதானுங்க. வயிறு காலியா இருந்தா அது எல்லாருக்கும் ஒண்ணுதானே நாட்டாமை" என்றாள் பச்சையாயி. "எங்க உடம்பால அளக்கச் சொல்லி நான் கேக்கலிங்க. அவரு காலாலயே அளங்க. ஆனா ரெண்டு பங்கையும் ஒரே காலால அளங்க. அவருக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு வெச்சுட்டு எண்ணிக்கையை மட்டும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, அதுக்குப் பேரு தீர்ப்பா?"

நாட்டாமையின் இன்னொரு கண்ணும் திறந்தது. புழு இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவருக்குக் கோபமும் வந்தது, கொஞ்சம் உறுத்தவும் செய்தது. ஊரைக் கூட்டினார்.

"வெள்ளையப்பா, உன் காலாலேயே ரெண்டு பேருக்கும் அள. முதல்ல ஒரு பத்துத் தப்படி அளந்து காட்டு."

வெள்ளையப்பன் பெருமையாகக் கரையில் இறங்கினான். ஒரு ஆமணக்குச் செடியின் அடியிலிருந்து தன் கூட்டத்துக்காகப் பத்துத் தப்படி நடந்தான். கால் நன்றாக அகண்டது. நடுவில் இரண்டு தடவை சிறகையும் லேசாக அடித்துக்கொண்டான். பத்தாவது தப்படியில் அடுத்த செடியைத் தாண்டி, அதற்கும் அடுத்த செடிக்குக் கொஞ்சம் முன்னால் போய் நின்றான். அப்புறம் அதே செடிக்குத் திரும்பி வந்து, எதிர்ப்பக்கம் புழுக்களுக்காகப் பத்துத் தப்படி நடந்தான். இப்போது கால் விரல்கள் ஒன்றை ஒன்று இடித்தன. பத்து முடிந்தபோது பக்கத்துச் செடிக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை.

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாருக்கும் கண் இருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தவளைகள்கூட அப்போதுதான் தண்ணீரில் ஏதோ முக்கியமான வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டன.

"இதுவும் பத்து, அதுவும் பத்தா?" என்றாள் பச்சையாயி.

"வெயில்ல காலு தளந்துபோச்சு அம்மிணி" என்றான் வெள்ளையப்பன்.

"உங்க பங்குக்குத் தளராத காலு எங்க பங்குக்கு மட்டும் தளருதாண்ணா? நல்ல காலுண்ணா அது."

நாட்டாமைக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் விடாப்பிடிக்காரர் அல்லவா? "சரி, கொக்குக் காலு நீளுது சுருங்குது. உன் உடம்பு மட்டும் என்ன யோக்கியம்? நீயும் நெளியறவதானே" என்றார். ஒரு கோரைத் தண்டைக் கிள்ளி அவள் நீளத்துக்குச் சரியாக நறுக்கினார். அதைத் தரையில் பத்துத் தடவை மாற்றி மாற்றி வைத்துக் கோடு கிழித்தார். "இந்தப் பத்துக் கோட்டுல ஒவ்வொண்ணுக்கும் சரியா நின்னு நின்னு வா, பாக்கலாம்."

பச்சையாயி ஊர்ந்தாள். நடுக்கால்கள் அதனதன் இஷ்டத்துக்குத் தரையைப் பிடித்தன. ஒரு தடவை உடம்பு நீண்டது, ஒரு தடவை மடங்கியது. பத்து உடம்பு என்று அவள் நின்ற இடம் ஒன்பதரைக் கோட்டில் இருந்தது. மறுபடி செய்யச் சொன்னார்கள். இந்தத் தடவை பத்தே முக்கால் ஆயிற்று. ஊர் இப்போது நன்றாகச் சிரித்தது. கொக்கு ஏமாற்றியபோது மூடியிருந்த வாய்களெல்லாம் இதற்குத் திறந்துகொண்டன.

அவளுக்கு அழுகை வந்தது. அவர்கள் சிரித்ததற்காக அல்ல. அந்தக் குற்றச்சாட்டு உண்மையாக இருந்ததற்காக. கொக்கு வேண்டுமென்றே செய்ததை அவள் உடம்பு தெரியாமல் செய்துகொண்டிருந்தது. நீண்டு சுருங்கும் ஒன்றை வைத்துக்கொண்டு அடுத்தவன் நீட்டிச் சுருக்குவதை எப்படிக் கேட்பது?

அவள் சிரிப்பு அடங்கும்வரை பொறுத்தாள். "எனக்குக் கொஞ்சம் நேரம் குடுங்க. நான் நீளாத சுருங்காத அளவோட வரேன். அதுவரைக்கும் ஒரு செடியிலயும் மூக்கு வெக்கக் கூடாது."

"மூணு நாளு" என்றார் நாட்டாமை.

கரையின் அடிவாரத்தில் வளையாத்தாள் என்ற நண்டு இருந்தாள். கூட்டத்துக்கெல்லாம் வருகிற பழக்கமில்லை, யாரோடும் ஒட்டுறவு இல்லை. அவள் வளையின் வாயில் பச்சையாயி போய் நின்று, நடந்ததையெல்லாம் சொன்னாள்.

"அக்கா, ஒரு காரியம் ஆகணும். என் நடுக்கால் நாலு ஜோடியையும் நறுக்கிப் போடு."

நண்டு வெளியே வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "கடிக்காதே, வெட்டாதேன்னு கெஞ்சறவங்களைத்தான் பாத்திருக்கேன். வெட்டுன்னு வந்தவ நீ ஒருத்திதான். புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

"நடுக்கால் இருக்கறவரைக்கும் உடம்பு நடுவுல எங்கயாவது பிடிச்சுக்குது. அது போயிட்டா முன்கால்லயும் பின்கால்லயும்தான் நிக்கணும். பின்காலை முன்கால் இருக்கற இடத்துக்கே கொண்டுவந்து வெச்சுட்டு, அப்புறம் உடம்பை முழுசா நீட்டி முன்காலை வெச்சா, ஒவ்வொரு தடவையும் முழு உடம்புதான். ஏமாத்தணும்னு நினைச்சாலும் முடியாது."

"கொக்கு ஏமாத்தினதுக்கு உன் காலு போகணுமா?" என்று கேட்டாள் வளையாத்தாள். அதைக் கேட்டதும் அவளுக்கே ஆத்திரம் வந்து கொடுக்கு படபடவென்று அடித்துக்கொண்டது.

"போகக் கூடாதுதான்க்கா. ஆனா வேற யாரு காலு போகப் போகுது, சொல்லு."

நண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் காரியத்தைச் செய்தாள். எட்டுத் தடவை கொடுக்கு மூடித் திறந்தது. பச்சையாயி கத்தவில்லை, ஒரு காய்ந்த இலையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். எல்லாம் முடிந்தபின் வளையாத்தாள் ஈர மண்ணைக் குழைத்துக் காயங்களில் அப்பினாள்.

முதல் அடி வைத்தபோது அவளுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. பின்காலை முன்காலுக்குப் பக்கத்தில் இழுத்தால் நடு உடம்பு காவடி மாதிரி மேலே வளைந்து நின்றது. நீட்டினால் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தாள். விழுந்து விழுந்து எழுந்தாள். நாட்டாமை கிழித்த பத்துக் கோடுகளுக்குப் போய், ஒவ்வொன்றாக நடந்தாள். பத்தும் பத்துக் கோட்டில் பிசகாமல் வந்து நின்றது. திரும்பவும் நடந்தாள். அப்போதும் பத்து. நாட்டாமை குனிந்து பார்த்தார், தன் நாக்கால் தொட்டும் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டினார்.

அப்புறம் அவள் தங்கள் பங்கு தொடங்கும் கோடிக்குப் போய் அளக்க ஆரம்பித்தாள். எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டினால் எந்தப் புழுவுக்கும் குழம்பிவிடும். அதனால் ஒவ்வொரு பத்து உடம்புக்கும் வாயிலிருந்து பட்டு இழை ஒன்றை இழுத்துப் புல்லில் ஒட்டினாள். அப்படிப் பத்து இழை சேர்ந்ததும் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அப்புறம் திரும்பவும் ஒன்றிலிருந்து எண்ணினாள். பத்து உடம்பு ஓர் இழை, பத்து இழை ஒரு முடிச்சு. எத்தனை உடம்பு என்று அவள் மனதில் சுமக்க வேண்டியிருக்கவில்லை. முடிச்சுகள் அதைச் சுமந்துகொண்டன.

இரண்டாம் நாள் வெயில் கொளுத்தியது. காயங்கள் எரிந்தன. கொக்குகள் பக்கத்தில் நடந்துகொண்டே, "முந்நூத்தி ஏழு, எண்ணூத்தி ரெண்டு" என்று வாய்க்கு வந்த எண்ணையெல்லாம் சத்தமாகச் சொல்லிக் குழப்பப் பார்த்தன. அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ண வேண்டிய தேவையே இல்லாததால் அந்தக் குறும்பு பலிக்கவில்லை. மூன்றாம் நாள் பொழுது சாய்வதற்கு முன் அந்தக் கோடியைத் தொட்டாள். மொத்தம் நூறு முடிச்சு.

ஊர் கூடியது. பச்சையாயி நடுவில் நின்று சொன்னாள்.

"மொத்தக் கரை நூறு முடிச்சுங்க. கொக்குக்கு அம்பது, எங்களுக்கு அம்பது. அவ்வளவுதான் நான் கேக்கறது."

வெள்ளையப்பன் தலை குனிந்து நின்றிருந்தான். இதைக் கேட்டதும் அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புழுக்கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான்.

"கேட்டுக்குங்க சாமி. நான் உங்களுக்கு ஆயிரம் குடுத்தேன். உங்க வீட்டுப் பொண்ணு அதை விட்டுட்டு அம்பதை வாங்கிக் குடுக்குது. இதுக்குத்தான் காலை வெட்டிக்கிட்டு மூணு நாளு அலைஞ்சுதாம்."

புழுக்கூட்டத்தில் ஒரு பெரிய முனகல் எழுந்தது. செம்பான் முன்னால் வந்தான். அவன் முகம் கறுத்திருந்தது.

"என்னடி இது? ஆயிரத்தைத் தொலைச்சுட்டு அம்பதோட வந்து நிக்கறே? நானூறு புள்ளைங்க இருக்கு. அதுங்க வயித்துல மண்ணைப் போட்டுட்டியே."

பச்சையாயிக்கு அந்த நொடியில் கொக்கின்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அவள் காயங்கள் இன்னும் ஆறவில்லை. தலைக்கு மேல் நின்று அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது அவள் கூடப் பிறந்தவன்.

"அண்ணா, எண்ணிக்கையை மட்டும் பாக்காதே, எதை எண்ணினோம்னு பாரு. ஒரு முடிச்சுன்னா பத்து இழை. ஒரு இழைன்னா பத்து உடம்பு. அப்ப ஒரு முடிச்சு நூறு உடம்பு. அம்பது முடிச்சு எத்தனை?"

செம்பான் வெள்ளையப்பனைத் திரும்பிப் பார்த்தான்.

"அஞ்சாயிரம் உடம்பு. நீ வாங்கிட்டு வந்த ஆயிரம் உடம்பு பத்தே பத்து முடிச்சு. மிச்சம் தொண்ணூறு முடிச்சையும் அவனுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தே. பெரிய அளவால அளந்தா எண்ணிக்கை குறையும், சின்ன அளவால அளந்தா எண்ணிக்கை கூடும். கரை அதே கரைதான் கிடக்கு. அது கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

"வாயால சொன்னா ஆச்சா?" என்றான் வெள்ளையப்பன்.

"வாயால சொன்னா ஆச்சா?" என்றான் செம்பானும்.

கொக்கு சொன்னதையே அண்ணன் திருப்பிச் சொன்னதும் பச்சையாயிக்குப் பேச்சு அற்றுப் போனது. இதற்குமேல் இவர்களுக்கு என்ன சொல்வது? அவள் அங்கேயிருந்த ஆமணக்குக் கிளையில் ஏறினாள். பின்காலால் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உடம்பு முழுவதையும் நீட்டி, காய்ந்த குச்சி மாதிரி விறைத்து நின்றாள். இலை ஆடியது, அவள் ஆடவில்லை. கண்கூட அசையவில்லை. இதோ என் உடம்பு, இதைவிட நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, நம்பாதவன் வந்து அளந்து பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல் இருந்தது அந்த நிலை.

முதலில் நாட்டாமைதான் எழுந்தார். பத்திரமாக வைத்திருந்த கோரைத் தண்டை எடுத்துவந்து அவளோடு வைத்துப் பார்த்தார். மயிரிழை வித்தியாசமில்லை. கரையின் கோடிக்குப் போய், அங்கிருந்து அந்தத் தண்டைப் பத்துத் தடவை வைத்தார். முதல் இழை அங்கே இருந்தது. இன்னும் பத்து, இரண்டாம் இழை. பத்தாம் இழையில் முடிச்சு இருந்தது. அவர் நிறுத்தவில்லை. பிடித்ததை விடாத குணம் அன்றைக்கு ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது. பத்தாவது முடிச்சுக்கு வந்து நிமிர்ந்தார். பக்கத்திலேயே கொக்குகள் நட்ட எல்லைத் தண்டு நின்றது.

அவர் பின்னாலேயே வந்த செம்பான் அந்தத் தண்டைப் பார்த்தான். தான் வாங்கி வந்த ஆயிரம் இங்கே முடிந்துவிட்டது. திரும்பி மறுபக்கம் பார்த்தான். அந்தியின் வெளிச்சத்தில் மிச்ச முடிச்சுகள் ஒவ்வொன்றாக மின்னிக்கொண்டு கண்ணுக்கெட்டியவரை போயின. அப்படியே மண்ணில் படுத்துவிட்டான்.

"தொண்ணூறு" என்றான் மெதுவாக. "ஐயோ, தொண்ணூறு."

நாட்டாமை எல்லைத் தண்டைப் பிடுங்கி ஐம்பதாவது முடிச்சில் நட்டார். ஐம்பது செடி இந்தப் பக்கம், ஐம்பது செடி அந்தப் பக்கம். நானூறு பிள்ளைகளுக்கும் இருபது நாள் சோறு. அப்புறம் வெள்ளையப்பனைக் கூப்பிட்டார்.

"உனக்கு வேணும்னா நீளற, அடுத்தவனுக்குன்னா சுருங்கற காலு எது? அதை மடக்கி வயித்துக்குள்ள வெச்சுக்க. அளந்தவங்க முன்னால அது தரையைத் தொடக் கூடாது."

வெள்ளையப்பன் காலை மடக்கினான். இன்றைக்கும் கொக்கு தண்ணீரோரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறது. அதை எல்லாரும் பொறுமை என்று புகழ்கிறார்கள். அது தண்டனை என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஊர் கலைந்தது. பச்சையாயி மட்டும் கிளையில் அதே விறைப்பில் நின்றாள். செம்பான் கிளைக்கு அடியில் வந்தான்.

"தங்கச்சி, இறங்கி வா. அண்ணன் தப்புப் பண்ணிட்டேன்."

அவள் அசையவில்லை.

"என்னை அடிச்சுக்கூடப் போடு. இப்படிக் குச்சி மாதிரி நிக்காதே, பாக்க முடியலை."

செம்பான் கரையின் அடிவாரத்துக்கு ஊர்ந்து போனான். நண்டின் வளையில் போய் நின்று, "எனக்கும் வெட்டுக்கா" என்றான். "ஒருத்தி மட்டும் அளவா இருந்தா, அவ இல்லாத நாளைக்கு எவனாவது மறுபடியும் காலை நீட்டுவான். நாங்க எல்லாருமே அளவா இருக்கறோம்."

அவன் காவடி மாதிரி வளைந்து வளைந்து, விழுந்து எழுந்து திரும்பி வருவதைப் பார்த்த பிறகுதான் பச்சையாயி கிளையிலிருந்து இறங்கினாள். அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து, அவன் சாய்ந்து விழாமல் தன் உடம்பால் முட்டுக் கொடுத்தாள். மறுநாள் நண்டின் வளைக்கு முன்னால் புழுக்கள் வரிசை கட்டி நின்றன. அவர்களுக்குப் பிறந்தவை நடுக்கால் இல்லாமலே பிறந்தன.

அன்று முதல்தான் காவடிப்புழு தன் உடம்பு முழுவதையும் வைத்து வைத்து, ஓர் அடிகூட ஏமாற்றாமல் அளந்து நடக்கிறது. யாராவது சந்தேகப்பட்டுத் தொட்டால், கிளையைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றுவிடுகிறது, அளந்து பார்க்கும்வரை அசைவதில்லை.